மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும்போது சதை துடிப்பது ஏன்? நிறுத்திவிடலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 32. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. இரண்டு மாதம் சாப்பிட்டீர்கள். மூன்று வாரத்துக்கு முன் அதை 20 ஆக்கினார்கள். அன்றிலிருந்து கெண்டைக்கால் சதையும் இடது கண் இமையும் தானாகத் துடிக்கின்றன, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் உடம்பைத் தூக்கிவாரிப் போடுகிறது. வீட்டில் அப்பா நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். நீங்கள் இணையத்தில் தேடிப் பார்த்து, தசை கரைந்துபோகும் நோயாக இருக்குமோ என்று பயந்திருக்கிறீர்கள். கடைசி வரியில், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் ஒரு மாத்திரையும் கேஸுக்கு ஒன்றும் அவ்வப்போது போடுவதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. துடிப்பு மாத்திரையால்தானா? நரம்பு கெட்டுப்போகிறதா? நிறுத்தலாமா?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரத்தை வைத்துப் பார்த்தால் துடிப்பு மாத்திரையின் பக்கவிளைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நரம்பு கெட்டதற்கான அடையாளம் நீங்கள் எழுதியதில் ஒன்றுகூட இல்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஆனால் உங்கள் கடைசி வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். மேலே படிக்கும் முன் அந்த வலி மாத்திரையின் அட்டையை எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன மருந்து என்று பாருங்கள். ட்ரமடால் என்று இருந்தால், பாராசிட்டமாலோடு சேர்ந்திருந்தாலும் சரி, அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். இத்தனை நாளும் தினமும் தவறாமல் போட்டு வந்திருந்தால் மட்டும், நிறுத்தும் விதத்தை இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். சும்மா பாராசிட்டமால் என்றால் பயமில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

'துடிக்குது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் கெண்டைக்காலில் இருப்பது நிஜமான துடிப்பு. ராத்திரி விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காலை நீட்டி வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் சின்னப் புழு நெளிவது போல ஓரிடத்தில் மினுக்மினுக்கென்று அசையும், பத்து இருபது தடவை துடித்து அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் கிளம்பும். கால் நகராது, பாதம் அசையாது, வலி இருக்காது. ஒரு நரம்பிழை தனக்குக் கீழே இருக்கும் சதைநார்க் கொத்தை மட்டும் தானாகச் சுண்டிவிடுவதால் வருவது இது. கண் இமைத் துடிப்பும் இதே ஜாதிதான். ஆணுக்கு வலது துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது என்று நம் வீடுகளில் சகுனம் பார்க்கிற அளவுக்கு, மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கும் சர்வசாதாரணமாக வருவது. தூக்கக் குறைவு, கவலை, காப்பி மூன்றும் இதைக் கூட்டும்.

தூக்கிவாரிப் போடுவது வேறு. அதில் ஒரு கையோ காலோ முழு உடம்போ ஒரே வெட்டில் குதிக்கிறது. தூங்கப்போகும் அந்தக் கணத்தில் மட்டும் வந்தால் அது எல்லா மனிதர்களுக்கும் எப்போதாவது வருவது. இந்த வகை மருந்துகள் அதை அடிக்கடி ஆக்கும். செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டும் இந்த மாத்திரைகள் தூக்கத்தின் அமைப்பையே கொஞ்சம் மாற்றுகின்றன. கனவு காணும் நேரத்தில் சதைகள் தளர்ந்து கிடக்க வேண்டும், அந்தத் தளர்ச்சி குறைகிறது. அதனால் சிலர் கனவில் உதைப்பதும் உளறுவதும் உண்டு. இன்னும் சிலருக்கு ராத்திரி படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊருகிற மாதிரி, நீட்டி மடக்கினால்தான் அடங்குகிற தவிப்பு வரும். மிர்டாசபின் என்ற வேறொரு மனச்சோர்வு மாத்திரை இதற்குப் பேர்போனது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இந்தக் கால் தவிப்பு இன்னும் கூடும், அதனால் இதற்கு மட்டும் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பது அவசியம். இந்தத் தவிப்பு உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தால், ரத்தசோகை இல்லாவிட்டாலும் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம்.

கை நடுக்கம் மூன்றாவது வகை. தம்ளரைப் பிடிக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் விரல்கள் மெல்லியதாக உதறும், சும்மா மடியில் வைத்தால் நிற்கும். இந்த மருந்துகளின் பொதுவான பக்கவிளைவுகளில் இதுவும் ஒன்று, அளவு கூடினால் கூடும். தாடையை இறுக்கிக் கடிப்பதும், காலையில் எழுந்ததும் கன்னம் வலிப்பதும் இதே குடும்பம்தான். அதைப் பல் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு மாத்திரை விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உள்ளுக்குள் இருப்புக்கொள்ளாமல் போவது. உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள், நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். கேட்டால் 'கால் துடிக்குது டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்குப் பதற்றம் கூடிவிட்டது போலத் தெரியும். அப்படி நினைத்து மாத்திரையின் அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் ஏறும். இந்தத் தவிப்பு தாங்க முடியாதது, உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணத்தையும் கொண்டுவரக்கூடியது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாற்றிய சமயத்திலும், முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், வீட்டார் இதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இப்படி இருந்தால் அடுத்த மாத விசிட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நள்ளிரவில் யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.

ஏன் வருகிறது என்பதில் உறுதியாகத் தெரிந்ததும் இருக்கிறது, யூகமும் இருக்கிறது. மூளையின் அடித்தண்டிலிருந்து செரோட்டோனின் நரம்புகள் கீழே முதுகுத்தண்டுவடம் வரை இறங்கி, சதைகளை இயக்கும் நரம்பு செல்களைத் தொடுகின்றன என்பது உறுதி. செரோட்டோனின் கூடினால் அந்தச் செல்கள் சீக்கிரம் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன என்பதும் உறுதி. உடம்பிலுள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருப்பதால்தான் மாத்திரை தொடங்கியதும் முதலில் குமட்டல் வருகிறது. ஆனால் ஒரே அளவு சாப்பிடும் இருவரில் ஒருவருக்குக் கண் இமை துடிக்கிறது, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை என்றால், அதற்கு முழு விளக்கம் யாரிடமும் இல்லை.

ஒரு பகுதி விளக்கம் மட்டும் கையில் இருக்கிறது, அது உங்கள் கேஸ் மாத்திரையோடு சம்பந்தப்பட்டது. எஸ்சிட்டலோபிராமைக் கல்லீரலில் உடைக்கும் முக்கியமான நொதியை ஒமிப்ரசோலும் ஈசோமெப்ரசோலும் தடுக்கின்றன. தினமும் 30 மி.கி. ஒமிப்ரசோல் சேர்ந்தால் ரத்தத்தில் எஸ்சிட்டலோபிராம் சுமார் 50 சதவீதம் ஏறும். அதாவது நீங்கள் விழுங்குவது 20, உடம்பு பார்ப்பது ஏறக்குறைய 30. பிறவியிலேயே இந்த நொதி மந்தமாக இருப்பவர்களும் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு 10 மி.கி.யே அதிகமாகிவிடலாம். பான்டோப்ரசோல் இந்த நொதியைத் தடுப்பது குறைவு, கேஸ் மாத்திரை தேவையே என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் 'ப்ரசோல்' என்று முடியும் எந்த கேஸ் மாத்திரையையும் வருஷக்கணக்கில் விழுங்கினால் ரத்தத்தில் மக்னீசியம் இறங்கலாம். மக்னீசியம் இறங்கினாலும் சதை துடிக்கும், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

காப்பியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிகிரி காப்பி ஊரில் உட்கார்ந்துகொண்டு காப்பியை விடச் சொல்ல மாட்டேன். காலையில் ஒன்று, பதினோரு மணிக்குள் இன்னொன்று, அதோடு நிறுத்திப் பத்து நாள் பாருங்கள். இதுவே உங்களுக்கு எழுதியது ஃப்ளூவாக்சமினாக இருந்தால் பேச்சு வேறு. அந்த மருந்து காஃபீன் உடையும் வழியையே அடைத்துவிடும். காலையில் குடித்த காப்பி ராத்திரியும் உடம்பில் நிற்கும், வழக்கமான மூன்று டவரா கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொண்டுவந்துவிடும்.

இப்போது ட்ரமடாலுக்கு வருகிறேன். அது வெறும் வலி மாத்திரை இல்லை, தானும் செரோட்டோனினைக் கூட்டும். இரண்டும் சேரும்போது செரோட்டோனின் எல்லை தாண்டிப் போய் உடம்பே கொதிநிலைக்கு வருகிற ஆபத்து உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றும். புதிய மருந்து சேர்த்தோ அளவு கூட்டியோ 24 மணி நேரத்துக்குள், பலருக்கு 6 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். அதில் சதைத் துடிப்பு தனியாக வராது, கூட்டாளிகளோடு வரும். வியர்வை கொட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வயிற்றுப்போக்கு இருக்கும், கருவிழிப் பாவை விரியும், ஆள் நிலைகொள்ளாமல் பதறுவார், காய்ச்சல் ஏறும், கால்கள் விறைக்கும். மருத்துவர் அப்போது ஒரு சோதனை செய்வார். முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தைப் பிடித்து, சட்டென்று மேல்நோக்கித் தள்ளி அப்படியே அழுத்திப் பிடிப்பார். சாதாரணமாக இருந்தால் பாதம் சும்மா இருக்கும், அல்லது ஒன்றிரண்டு தடவை ஆடி நிற்கும். செரோட்டோனின் மிஞ்சியிருந்தால் தையல் மெஷின் மிதி போலப் பாதம் நிற்காமல் அடிக்கும். இதை வீட்டில் நீங்களே செய்து பார்த்து முடிவு கட்டாதீர்கள், பிடிக்கிற விதம் தவறினால் விடையும் தவறும். உங்களுக்குத் துடிப்பு மூன்று வாரமாக ஒரே மாதிரி இருக்கிறது, மற்ற கூட்டாளிகள் இல்லை. அதனால் இது அந்த நிலை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வலி அதிகமான ஒரு நாளில் மூன்று ட்ரமடால் போட்டால் அந்த நாள் வேறு மாதிரி ஆகலாம்.

அந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கப் பார்ப்பது வீண், ஏனென்றால் அந்தச் சூடு சதைகளின் ஓயாத இறுக்கத்திலிருந்து வருவது. போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ட்ரமடால் போலவே கவனிக்க வேண்டியவை இன்னும் சில. இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினெசோலிட், மனநிலை மருந்தான லித்தியம். காசநோய் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநல மருந்து வேறிடத்திலும் வாங்குகிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு இடத்திலும் காட்ட வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான் பற்றியும் 2006இல் இதே எச்சரிக்கை அமெரிக்காவில் வந்தது. பிறகு பார்த்ததில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு என்றே தெரிகிறது. அதை ட்ரமடாலோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

டெல்டாவில் இருப்பதால் கேட்கிறேன், வயலில் மருந்து அடிப்பீர்களா? குறுவையிலும் சம்பாவிலும் தண்டுத்துளைப்பானுக்கும் புகையானுக்கும் அடிக்கிற சில பூச்சிமருந்துகள், குறிப்பாக ஆர்கனோபாஸ்பேட் வகை, உடம்பில் ஏறினால் சதை துடிக்கும். இந்தத் துடிப்பையும் மாத்திரைத் துடிப்பையும் பிரிக்க வழி உண்டு. பூச்சிமருந்தில் எச்சில் ஊறி வழியும், கண்ணில் நீர் கொட்டும், மூச்சு இறைக்கும், கருவிழிப் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். செரோட்டோனினில் வாய் அப்படி ஒழுகாது, பாவை விரியும். வியர்வையும் பேதியும் இரண்டிலும் வருவதால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. தெளித்த அன்றோ மறுநாளோ துடிப்பு தொடங்கினால் துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, மருந்து டப்பாவின் லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மனநல மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் வயதுக்குப் பொருந்தாது, ஆனால் வீட்டில் பெரியவர் யாராவது இதே மாத்திரை சாப்பிட்டால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மருந்துகள் ரத்தத்தில் சோடியத்தை இறக்கும். அறுபதைத் தாண்டியவர்கள், ஒல்லியான பெண்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று அட்டையில் இருந்தால் அதுதான் நீர் மருந்து. பெரும்பாலும் முதல் மாதத்திலேயே வந்துவிடும். கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும், சோர்வு, குமட்டல், தள்ளாட்டம், பிறகு பேச்சுக் குழப்பம், கடைசியில் வலிப்பு. சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். 125க்குக் கீழே போனால் அவசரம். இங்கேதான் ஒரு தப்பு நடக்கிறது. குரக்களி என்றதும் தண்ணீர் நிறையக் குடி என்பார்கள். நடவு வெயிலில் வியர்த்துக் குரக்களி பிடித்த இளவட்டத்துக்கு உப்புப் போட்ட நீர்மோர் சரியான வைத்தியம். மாத்திரையால் சோடியம் இறங்கிய பாட்டிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தால் சோடியம் மேலும் நீர்த்துப்போகும். பெரியவர்களுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை போதும், எந்த லேபிலும் செய்வார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

மனச்சோர்வு மாத்திரை மேல் பழி விழுந்து, உண்மைக் காரணம் பக்கத்தில் ஒளிந்திருப்பதும் உண்டு. கேஸுக்கு என்று தரும் மாத்திரையில் லெவோசல்பிரைட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோப்ரமைட், தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் ஓடும் ப்ரோகுளோர்பெரசின், சின்னாரிசின், பதற்றத்துக்கு என்று எழுதும் ஃப்ளூபென்டிக்சால் மெலிட்ராசென் கூட்டு மாத்திரை, இவை எல்லாம் டோபமின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கிறவை. கழுத்துத் திருகல், வாய் சப்புக்கொட்டுவது போன்ற அசைவு, கை நடுக்கம், நான் மேலே சொன்ன இருப்புக்கொள்ளாமை எல்லாம் இவற்றால் வரலாம். சிலருக்கு நிறுத்திய பிறகும் வாய் அசைவு தங்கிவிடும். அதனால் இவற்றில் எதையும் 'சும்மா கேஸ் மாத்திரைதானே' என்று மாதக்கணக்கில் நீட்டாதீர்கள். ஆஸ்துமா மாத்திரையும் இன்ஹேலரும் கையை உதறவைக்கும். தைராய்டு கூடியிருந்தாலும் அப்படித்தான்.

நிறுத்துவதைப் பற்றி. உங்கள் அப்பாவின் அக்கறை புரிகிறது, ஆனால் 20 மி.கி.யிலிருந்து ஒரே நாளில் நிறுத்தினால் துடிப்பு குறைவதற்குப் பதில் கூடலாம். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலையைத் திருப்பும்போது உள்ளே கரண்ட் அடித்த மாதிரி ஒரு சொடுக்கு, எல்லாம் வரும். பழைய மனச்சோர்வு திரும்புவது அதற்கும் பின்னால். எஸ்சிட்டலோபிராமின் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். வேறொரு மனச்சோர்வு மாத்திரையான வென்லாஃபாக்சினுக்கு வெறும் 5 மணி நேரம், அதனால் காலை மாத்திரை தவறினால் சாயங்காலமே தெரியும். பராக்சிடினும் விட்டால் படுத்தும். ஃப்ளூஆக்சிடின் மட்டும் வாரக்கணக்கில் தானாகக் கரையும். அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. நிறுத்தி ஐந்து வாரம் வரை அது உடம்பில் மிச்சம் இருக்கும், ட்ரமடால் எச்சரிக்கையும் அதுவரை நீடிக்கும். படிப்படியாகக் குறைக்கும்போது 20லிருந்து 10க்கு வருவது பெரும்பாலும் சுலபம், 5லிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் கஷ்டம். வழக்கமாகத் தரும் குறைந்தபட்ச அளவே மூளையில் மருந்து குறிவைத்த இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. அதனால் கடைசி மில்லிகிராம்களைத்தான் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது. எஸ்சிட்டலோபிராம் தனியாக இல்லாமல் குளோனசெபமோடு சேர்ந்த மாத்திரையாகவும் வருகிறது. குளோனசெபம் சதையைத் தளர்த்தும், வாரிப்போடுவதை அடக்கும். கூட்டு மாத்திரையிலிருந்து தனி எஸ்சிட்டலோபிராமுக்கு மாற்றியதும் துடிப்பு தொடங்கியது என்றால், அது புதிய மாத்திரையின் வேலை இல்லாமல், பழையதிலிருந்த குளோனசெபம் போனதன் விளைவாக இருக்கலாம். உங்கள் பழைய 10 மி.கி. அட்டை மிச்சமிருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் கையிருப்பு தீர்ந்துபோவதும் இதே கதைதான். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்த பிறகு வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, கடையும் இல்லை. ஐப்பசி பிறக்கும்போது பத்து நாள் மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். ஒரு நாள் மறந்தால் அன்றைக்கு நினைவு வந்ததும் போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

தசை கரையும் நோய் பற்றிய பயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். அந்த நோயில் துடிப்பு இருக்கும், உண்மை. ஆனால் அங்கே முக்கியமானது பலம் போவது. சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது, நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு நழுவும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றிக் குழி விழும், பேச்சு குழறும், தண்ணீர் விழுங்கப் புரையேறும். வீட்டிலேயே பாருங்கள். குதிகாலில் மட்டும் பத்தடி நடங்கள், பிறகு முன்பாதத்தில் பத்தடி, பிறகு கையூன்றாமல் குந்தி எழுங்கள். மூன்றும் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் பலம் நன்றாக இருக்கிறது. இடம் மாறி மாறித் துடிப்பதும், மாத்திரை கூடியபோது தொடங்கியதும் உங்களுக்குச் சாதகமான விஷயங்கள். ஒரே இடத்தில் துடித்துக்கொண்டே இருந்து அந்த இடம் மெலிந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

'நரம்பு ஊசி' என்று பி12 ஊசியை வரிசையாகப் போட்டுக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பி12 குறைவு பரிசோதனையில் தெரிந்தால் அவசியம் போட வேண்டும். அசைவமே தொடாதவர்களுக்குக் குறைவு இருப்பதும் சகஜம். ஆனால் குறைவே இல்லாத ஆளுக்கு மாத்திரைத் துடிப்பை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. மக்னீசியம் மாத்திரைக்கும் இதே பதில்தான். நரம்புத் தளர்ச்சிக்கு என்று விற்கும் பொடிகளில் பூனைக்காலி விதை இருக்கும். அதில் இயற்கையாகவே எல்-டோபா இருக்கிறது, சதை அசைவையே மாற்றக்கூடிய பொருள் அது. சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கோபிக்க மாட்டார்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை தொடங்கிய நாள், அளவு கூட்டிய நாள், துடிப்பு தொடங்கிய நாள். போனில் அரை நிமிட வீடியோ இரண்டு வேண்டும். ஒன்று கெண்டைக்கால், பக்கவாட்டு வெளிச்சத்தில், கை தொடாமல். இன்னொன்று தூங்கப்போகும்போது வீட்டார் எடுத்தது. அறைக்குள் போனதும் துடிப்பு நின்றுவிடுவது வழக்கம், அப்போது வீடியோதான் பேசும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), பி12 இவ்வளவு ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் போதும். உங்கள் மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லை என்றால் தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவர் என்ன செய்யலாம் என்றால், மாத்திரையை ராத்திரியிலிருந்து காலைக்கு மாற்றலாம், 20ஐ 15 அல்லது 10 ஆக்கலாம், சில வாரம் மட்டும் சிறிய அளவு குளோனசெபம் தரலாம், கை நடுக்கம் தொல்லையாக இருந்தால் ப்ரோப்ரனலால் தரலாம். ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது, அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். எதற்கும் அடங்காவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றலாம். ஆளைப் பார்க்காமல் இவற்றில் எது உங்களுக்கு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 10 மி.கி.யிலேயே மனம் பாதிக்கு மேல் தேறியிருந்ததா என்பது அவருக்கு முக்கியமான தகவல், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு குறைத்தால் எப்போது அடங்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ரத்தத்தில் புதிய அளவு நிலைபெற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதற்கு முன் இரண்டாம் நாளே பார்த்து ஏமாறாதீர்கள். தினமும் படுக்கும் முன் பத்து நிமிடம் கடிகாரம் வைத்து எத்தனை தடவை துடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தால் கவலையே துடிப்பைக் கூட்டும். இரண்டாவது வாரத்தில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கினால் காரணம் மாத்திரைதான் என்பது ஏறக்குறைய உறுதி. நான்காவது வாரமும் அதே எண்ணிக்கை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள், வேறு காரணம் தேட வேண்டும்.